மேல்காற்று நாளில் சைக்கிளும் மலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி பிறந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, தொடங்கிவிடும். ஆடியில் அதன் கொட்டம் உச்சம். சரியாக இந்த நாட்களில்தான் புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள் காலையில் ரைடு, மத்தியானம் மலை, ராத்திரி டென்ட் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்குகிறார்கள். பாலைவன கேம்பிங் வீடியோ பார்த்த சூடு. பொட்டல், பாறை, முள், புழுதி எல்லாம் நம்மிடமும் உண்டு, மணல்மேடு ஒன்றுதான் குறை. ஒவ்வொரு வருடமும் அதே தவறுகள். எல்லாம் நாங்கள் முன்பு செய்தவைதான். ஹெல்மெட் போடு, டயரைப் பார் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் கிளம்புவதில்லை.

பின்காற்றோடு கிளம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். போன ஆடியில் நாலு பையன்கள் கிருஷ்ணகிரியிலிருந்து தென்கிழக்கே ஊத்தங்கரைக்குக் கிளம்பினார்கள். மத்தூர் தாண்டும் முன்பே குரூப்பில் வேகத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். "செம ஃபார்ம்ல இருக்கோம்ணா" என்று ஒருவன். திரும்புங்கள் என்று எழுதினேன். யார் கேட்டார்கள்? மத்தியானம் அவனே போன் செய்தான்: "அண்ணா, பிரேக் எங்கயோ பிடிக்குது, வண்டி நகர மாட்டேங்குது." பிரேக்கில் ஒன்றுமில்லை. திரும்பி மேற்கே பார்த்து மிதிக்கிறான், அவ்வளவுதான். கடைசியில் நாலு சைக்கிளும் ஒரு டாடா ஏஸில் வந்து சேர்ந்தன. மலையும் இல்லை, டென்ட்டும் இல்லை, வாடகைதான் மிச்சம்.

பின்காற்றில் போகும்போது காற்று இருப்பதே தெரியாது. காதில் இரைச்சல் இருக்காது, முகத்தில் எதுவும் அடிக்காது, கால் லேசாக இருக்கும். எல்லாம் நம் உடம்பின் திறமை என்றே தோன்றும். கணக்கைப் பாருங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் 30 கிலோமீட்டர் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். பின்காற்றில் 30 வேகமும் எதிர்காற்றில் 10 வேகமும் கிடைத்தால், போக ஒரு மணி, வர மூன்று மணி. போகும்போது மிச்சமானது அரை மணி, வரும்போது பறிபோவது ஒன்றரை மணி. மிதிக்கிற பாரமும் அப்படித்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். நீங்கள் 20-இல் போக, எதிரே 15-இல் காற்று வந்தால், தடை ஏறக்குறைய மூன்று மடங்கு.

நம் ஊரில் இதற்கு மேல் இரண்டு வம்பு. ஒன்று, தரை. தென்பெண்ணை ஆறு கிருஷ்ணகிரி அணையிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகத் தென்கிழக்கே ஓடுகிறதே, தரையும் அந்தப் பக்கம்தான் சரிகிறது. ஊத்தங்கரைக்குப் போகும்போது இறக்கமும் பின்காற்றும் சேர்ந்து தள்ளும், வரும்போது இரண்டும் சேர்ந்து மறிக்கும். இன்னொன்று, நேரம். இரவில் தரை குளிர்ந்து கிடப்பதால் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறித் தரை காய்ந்ததும் காற்று மேலும் கீழுமாகப் புரளும், உயரத்தில் ஓடுகிற வேகமான காற்று கீழே இறங்கும். ஆக, நீங்கள் களைத்துத் திரும்பும் நேரம்தான் அது முறுக்கேறும் நேரம்.

அதனால் ஆடியில் மேற்கே கிளம்புங்கள். இருட்டு பிரியும்போதே ராயக்கோட்டைப் பக்கம் திருப்பினால் ஏற்றமும் எதிர்காற்றும் காலை பலத்திலேயே முடிந்துவிடும். சின்ன கியரில், முழங்கையை மடக்கி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவரை அடிக்கடி மாற்றுங்கள். கோட்டை மலை ஏறி இறங்கிவிட்டு, மத்தியானக் காற்றும் இறக்கமும் தள்ள வீட்டுக்கு வரலாம். கிளம்பும் முன் காற்றுத் திசை பார்க்க ஆப் எதற்கு? ஊருக்கு ஊர் கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறது.

வியர்க்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது

வியர்க்கிறது, காற்று உடனே காயவைத்துவிடுகிறது. சட்டையில் வெள்ளை உப்புக்கோடு தெரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

உச்சியில் டென்ட்

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே ராத்திரி தங்குகிற பேச்சே கிடையாது. வேறு கரடு (சின்னப் பாறைக்குன்று) என்றாலும் உச்சி வேண்டாம், இரண்டு பாறைக்கு நடுவேயுள்ள சந்தும் வேண்டாம். சந்துக்குள் காற்று இன்னும் வேகம் பிடிக்கும். கரட்டின் கிழக்கு அடிவாரத்தில், தெரிந்தவர் நிலத்தில், கேட்டுவிட்டுப் போடுங்கள். பனைமரத்தடி கூடாது, மட்டை விழும்.

நம் தரையில் நாலு விரற்கடை மண்ணுக்குக் கீழே பாறை தட்டும், முளை நிற்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டி, அதன்மேல் இன்னொரு கல்லை வையுங்கள். வாசல் கிழக்கே பார்க்கட்டும். கம்பி கோக்கும் முன்பே பைகளை உள்ளே போட்டுவிடுங்கள். காலி டென்ட்டை நிறுத்திவிட்டு டீக்குப் போனவர்கள் அதை சீமைக்கருவேலத்தின் மேலிருந்து கிழிசலாக எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுப்பு

காற்று நாளில் கூடாது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம்

யானை இருக்கிற இடம். இந்த இரைச்சலில் பக்கத்தில் வந்தாலும் கேட்காது. வேண்டாம்.

பக்கக்காற்றை மறந்து பெருஞ்சாலையில் ஏறுவது

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற சாலை தெற்கே போகிறது, அதாவது மேல்காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். விழாமல் இருக்க நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரம் ஒரு லாரி வலப்பக்கமாக முந்தினால் காற்று சட்டென நின்றுபோகும், சாய்ந்த சைக்கிள் லாரியை நோக்கி இழுக்கும். லாரி தாண்டிய மறுநொடி காற்று திரும்ப அறைந்து மண் ஓரத்துக்குத் தள்ளும். பின்னால் சத்தம் கேட்டதுமே இரண்டு கையையும் ஹேண்டிலில் வைத்து, வேகத்தைக் குறைத்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்குங்கள். அதைவிட நல்லது, அன்றைக்குப் பெருஞ்சாலையை விட்டுவிட்டு ஊர்வழிச் சாலையில் போவது. இரண்டு ட்யூப் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், காற்றில் வேலிமுள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.