வீட்டிலேயே தொழில் செய்கிறீர்களா? அடைக்கும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு 11 வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். வீட்டோடு தொழில் என்றால் வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடைக்கு ஷட்டர் உண்டு, வீட்டுக்கு ஏது? பால் வாங்க வாசலுக்குப் போனால் பையோடு ஒருவர் நிற்பார். இரவு சாப்பாட்டில் கை வைக்கும்போது, “கழுத்து டிசைன் மாத்தணும்” என்று போன் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் நடந்ததை என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கை ஓரத்தைத் தைத்தபடி ‘ம், ம்’ என்றேன். அவள் எழுந்து வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, “இப்ப கேளும்மா” என்றாள். அன்றிலிருந்து நான் பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தையல் இல்லாமல் வேறு தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, போனில் இருக்கும் அலாரம், இவ்வளவுதான் தேவை.

படி 1: அடைக்கும் நேரம்

வேலைப் பட்டியலை அப்புறம் எழுதலாம். நோட்டின் முதல் பக்கத்தில் வேலை முடியும் நேரத்தை எழுதுங்கள். நான் எழுதியது இரவு 7 மணி.

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். ஆனால் ஊருக்கு நடுவில் இருக்கும் மீனாட்சி அம்மன் கோயிலில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிட்டு, மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். இரவில் பள்ளியறை பூஜை முடிந்தால் அன்றைய நாள் முடிந்தது. எத்தனை ஊரிலிருந்து எவ்வளவு கூட்டம் வந்தாலும் மறுநாள் காலைதான். நம் வாசலுக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கலாம், தப்பே இல்லை. “துணி கொடுக்க, வாங்க மாலை 6 முதல் 7 வரை” என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன். முதல் மாதம் சிலர் முகம் சுளித்தார்கள். வராமல் போனது இரண்டே பேர்.

படி 2: மூன்று நாள் குறிப்பு

இந்த மூன்று நாளும் எதையும் மாற்ற வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரே வரி எழுதுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் இதற்குப் போதும். சிரமம் பார்க்காமல் எழுதுங்கள், இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களுக்கு மற்றது எதுவும் நிற்பதில்லை.

என் குறிப்பில் தையல் 15 மணி நேரம் வந்தது. வாசலுக்கும் போனுக்குமே 7 மணி நேரம் போயிருந்தது. தைக்கத் தைக்க வேலை குறையாததற்குக் காரணம் என் வேகம் இல்லை, நடுவில் நடுவில் எழுந்து போனதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நூலை அறுத்து எழுந்தால், திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது.

படி 3: ஒரு வேலைக்கு எத்தனை நாழிகை

இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரம் வைத்துச் செய்ததால் தக்காளியின் இத்தாலியப் பெயரையே வைத்து ‘பொமொடோரோ’ என்றார். நம் பெரியவர்கள் நாளை 60 நாழிகையாகப் பிரித்திருந்தார்கள், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் நாழிகைக் கணக்கே வைத்துக்கொண்டேன்: 24 நிமிடம் அலாரம், 5 நிமிடம் எழுந்து நடந்து தண்ணீர் குடிப்பது. அலாரம் அடிக்கும்வரை போன் அடுத்த அறையில் கிடக்கும்.

லைனிங் (உள்துணி) வைத்த ஒரு பிளவுஸைக் கணக்குப் பார்ப்போம். அளவு ஜாக்கெட்டை வைத்துக் கட்டிங் போட 1 நாழிகை. லைனிங் இணைத்து, உடம்பு அளவுக்கு மடிப்புத் தைக்கும் டாட் பிடித்து, கை ஏற்றி, பக்கம் சேர்த்து முடிக்க 4 நாழிகை. ஹூக், ஹெம்மிங் 1. மொத்தம் 6. காலை 9.30 முதல் 1 மணி வரை, ஓய்வோடு சேர்த்து 7 நாழிகை கிடைக்கிறது. 3 முதல் 6 வரை இன்னொரு 6. ஆக 13 நாழிகையில் இரண்டு பிளவுஸ் முடிந்து ஒரு நாழிகை மிஞ்சும். ஒரு நாளைக்கு நாலு தைப்பேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த மீதி இரண்டும் ராத்திரித் தூக்கத்திலிருந்து வந்தவை.

படி 4: எதை எப்போது

கை தவறினால் திருத்த முடியாத வேலையைக் காலையில் வையுங்கள். பட்டில் கத்திரி போனால் போனதுதான், அதனால் கட்டிங் எல்லாம் காலையில். ஹூக் கட்டுவது மதியத்துக்கு. டியூஷன் எடுப்பவர் கேள்வித்தாள் தயாரிப்பதையும், இலந்தைக்குளம் ஐடி பூங்கா வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர் மண்டை காயும் பகுதியையும் இப்படிக் காலையில் வைத்துக்கொள்ளலாம். மாதாந்திர மின்தடையைப் பேப்பரில் முன்பே போட்டுவிடுவார்கள். அந்த நாளை நோட்டில் குறித்துவைத்தால் நூல், லைனிங் வாங்கும் வேலையை அன்றைக்குத் தள்ளலாம்.

படி 5: தேதி சொல்வது

இதில்தான் நான் ரொம்ப அடிபட்டேன். நம்மால் மறுக்க முடிவதில்லை. எதிரே நிற்பவர் அத்தையாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பார். ஆறு நாளில் 12 தைக்க முடியும் என்றால் 10 மட்டும் வாங்குங்கள். காய்ச்சல், ஊசி முறிவது, திடீர் விருந்தாளி எல்லாவற்றுக்கும் மீதி இரண்டின் இடம் வேண்டும். நோட்டை அவர் முன்னால் விரித்து, “மதினி, இந்த வாரம் பத்தும் நிறைஞ்சிருச்சு. அடுத்த புதன் உறுதியாத் தர்றேன், அவசரம்னா வேற இடத்துல குடுத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்” என்பேன். வெறும் வாயால் முடியாது என்றால் கோபம் வருகிறது. எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் சரி என்றுவிடுகிறார்கள்.

படி 6: வீட்டு நேரத்தையும் எழுதுவது

அதே நோட்டில், அதே பேனாவால். 7.30க்கு மகளோடு சாப்பாடு. செவ்வாய் மாலை அம்மா வீடு. எழுதாத நேரத்தைத் தொழில் சாப்பிட்டுவிடும். வீட்டு வேலையும் எழுத்தில் வந்தபிறகு யாருக்கு எவ்வளவு பாரம் என்று வீட்டுக்காரருக்கே தெரிந்தது. காலை டிபன் இப்போது அவர் பொறுப்பு.

சித்திரை மாதப் பக்கத்தில் நான் முதலில் கட்டம் போடுவது அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கும் அவர் வைகை ஆற்றில் இறங்கும் நாளுக்கும்தான். பத்து நாள் முன்பே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன். போன சித்திரையில் விடியற்காலை ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் மகள் கையைப் பிடித்து நின்றேன். முன்பெல்லாம் அந்நேரம் யாருக்காவது கடைசி ஹூக் கட்டிக்கொண்டிருப்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆடியில் தொடங்குங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், கல்யாண பிளவுஸ் அவ்வளவாக வராது. மூன்று நாள் குறிப்பை அப்போது எழுதினால், ஆவணித் துணி வாசலுக்கு வரும்போது எத்தனை வாங்கலாம் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும்.