ஜெர்மனியில் மாணவரின் முதல் நாள்: சாவியில் தொடங்குங்கள்

வங்கி, பல்கலைக்கழகம், நகராட்சி என்று எல்லா வேலையையும் இறங்கிய அன்றே முடிக்க ஓடாதீர்கள். அன்று முடிய வேண்டியவை நான்குதான்: கையில் சாவி, அறையின் படங்கள், தபால் பெட்டியில் பெயர், மறுநாள் வரைக்கும் சாப்பாடு.

புறப்படும் முன்

மாணவர் விடுதியில் சாவி தருபவர் பெரும்பாலும் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பொறுப்பாளர். வார நாட்களில், அதுவும் சில மணி நேரம் மட்டுமே இருப்பார். வெள்ளி இரவு போய் இறங்கினால் திங்கள் காலை வரை சாவி கிடைக்காமல் போகலாம். அதனால் திங்கள் முதல் வியாழனுக்குள், காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அக்டோபர் 3 தேசிய விடுமுறை; அன்று அலுவலகமும் இல்லை, கடையும் இல்லை. வரும் நேரத்தை அவருக்கு மின்னஞ்சலில் எழுதி, பதில் வந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெய், பால்கோவா, இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் பறிபோகும். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட்தான், பிளக்கின் வடிவம்தான் வேறு. ஒரு அடாப்டரும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இருந்தால் ஃபோன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் போதும்.

பணம் முக்கியம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் (blocked account) உள்ள 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் வரும். அங்கே நடப்புக் கணக்கு தொடங்கும் வரை அதுவும் வராது. ஆகவே முன்பணம், முதல் மாத வாடகை, ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு இவற்றுக்குத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

வழியில்

ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு இருக்காது. அதை நம்பி டிக்கெட் இல்லாமல் ஏறினால் அபராதம் 60 யூரோ. பல நகரங்களில் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிட்டால்தான் செல்லும்.

அறையில்

அறை ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். மெத்தைக் கறை, அடுப்புக் கீறல், ஜன்னல் கைப்பிடி, குளியலறை மூலையில் பூஞ்சை என எல்லாவற்றையும் படமெடுத்து, அந்தப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். எழுதாத சேதம் காலி செய்யும்போது உங்கள் முன்பணத்தில் கழியும். தாள் ஜெர்மனில் இருந்தால் ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

அதே இடத்தில் ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் குடிவந்ததற்கு வீடு தந்தவர் கொடுக்கும் சான்று அது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்ய இது வேண்டும். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது.

கதவைச் சாத்தினால் பெரும்பாலும் வெளியிலிருந்து திறக்காது. குப்பை போடப் போனாலும் சாவி சட்டைப் பையில் இருக்கட்டும். இரவில் பூட்டுக்காரரை அழைத்தால் செலவு நூறு யூரோவைத் தாண்டிவிடும்.

தபால் பெட்டி

பலர் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்வது இதில்தான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அறை எண்ணைப் பார்த்துத் தேடித் தரமாட்டார். வங்கி அட்டையின் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட நம் பாஸ்போர்ட்டில் எந்தப் பெயரால் கடிதம் வரும் என்று சொல்ல முடியாது. இன்ஷியல் போதாது, இரண்டு பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே முழுதாக எழுதி, அன்று மாலையே ஒட்டுங்கள்.

சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளே துணை. பவேரியா மாநிலத்தில் வார நாட்களிலும் இரவு 8 மணியோடு சரி. அரிசி, பருப்பு, முட்டை, உப்பு வாங்கும்போது தலையணை, போர்வையையும் பாருங்கள், பல அறைகளில் வெறும் மெத்தைதான் இருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

தாளிக்கும்போது புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள், வராந்தாக் கதவைத் திறக்காதீர்கள். வராந்தாவின் புகை அலாரம் தீயணைப்புத் துறையோடு இணைந்திருந்தால் வண்டியே வந்துவிடும், கட்டணமும் உங்கள் தலையில் விழலாம்.

இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதால் வீட்டுக்கு முன்னதாகவே பேசிவிடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மூர் மூன்றரை மணி நேரம் முன்னே, அதன்பின் நாலரை மணி நேரம். அங்கே மாலை 6 மணி என்றால் அம்மாவுக்கு முதலில் இரவு 9.30, பின்னர் 10.30.