குவாட் பைக் மக்கர் பண்ணா எடுத்ததும் கார்பரேட்டர்ல கை வைக்காதீங்க

துபாய்ல இருந்து ஹத்தா போற ரோட்டுல, மணல்மேட்டுக்கு நடுவுல குவாட் பைக் (நாலு சக்கர மணல் பைக்) வாடகைக்கு விடுற ஒரு கடையோட ஷெட்ல கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த வெயில்ல யாரும் ஓட்ட வரமாட்டாங்க, வண்டியெல்லாம் தார்பாய் மூடி ஓரமா கிடக்கும், அக்டோபர்ல சீசன் ஆரம்பிச்சு செல்ஃப் அடிச்சா பாதி வண்டி இருமும், மீதி அதுவும் செய்யாது. உடனே பசங்க ஸ்பேனரோட, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்பரேட்டர் மேல பாய்வாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதல் தப்பே அதுதான். எப்ப மக்கர் பண்ணுதுன்னு பாக்காம கழட்டக்கூடாது. ஐடிலிங்ல (ரேஸ் குடுக்காதப்போ) நிக்கலையா, பாதி ரேஸ்ல ஜெர்க் அடிக்குதா, முழுசா அழுத்துனா மூச்சு வாங்குதா, சூடானப்புறம் மட்டும் ஆஃப் ஆகுதா, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற. கார்பரேட்டர் வண்டின்னா கட்டவிரலால அழுத்துற த்ராட்டில் (ரேஸ் லீவர்) பக்கத்துல ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. கால்வாசிக்கு கீழ தகராறுன்னா பெரும்பாலும் ஸ்லோ ஜெட் பக்கம் (ஜெட்னா கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள பாகம்), நடுவுலன்னா நீடில்ங்குற ஊசி, முழு த்ராட்டில்ல மட்டும்னா மெயின் ஜெட், இல்லன்னா பெட்ரோல் வரத்து குறைவு.

அடுத்தது பழைய பெட்ரோல். டேங்க் நிறைய இருக்கேன்னு அப்படியே ஓட்டப் பாக்குறது. நாலு மாசம் நின்ன கார்பரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகி பிசின் மாதிரி ஒரு படிவு ஜெட்ல ஒட்டிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி கார்பரேட்டருக்குக் கீழ இருக்குற ட்ரெயின் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, வடியுற பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு அஞ்சு நிமிஷம் வைங்க. தண்ணி இருந்தா அடியில குண்டு குண்டா தனியா நிக்கும், மண்ணு இருந்தா அதுவும் தெரியும். கழட்டித்தான் ஆகணும்னா, தயவு செஞ்சு ஜெட்டுக்குள்ள இரும்புக் கம்பி விட்டு குத்தாதீங்க. ஜெட் பித்தளை, ஸ்லோ ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, கம்பி ஒரு தடவை கீறுனாலே அளவு மாறிடும், அப்புறம் நீங்க என்ன ட்யூன் பண்ணாலும் ஒக்காராது. கிளீனர்ல ஊறப் போட்டு காத்தடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா ஓட்டை ரவுண்டா தெரியணும், அவ்ளோதான்.

ஏர் ஃபில்டர்ல நடக்குற கூத்து தனி. அந்த மணல் பவுடர் மாதிரி, எங்க வேணா பூந்துடும். ஃபோம் ஃபில்டரை பெட்ரோல்ல அலசுறாங்க, அதுல ஒட்டு வேலை செஞ்ச பசை விட்டுப்போகுது. வெளிப்பக்கத்துல இருந்து காத்தடிச்சு மணலை உள்ள தள்ளுறாங்க, அலசி காயவெச்சு ஃபில்டர் ஆயில் போடாமலே மாட்டுறாங்க. ஆயில் இல்லாத ஃபோம் மணலைப் புடிக்காது. இன்னும் சிலர் ‘இழுவை நல்லா இருக்கு’ன்னு ஃபில்டரே இல்லாம ஓட்டுவாங்க, அந்த இழுவை எவ்ளோ நாளைக்குன்னு அப்ப தெரியாது. ஃபில்டரைக் கழட்டுனதும் அதுக்குப் பின்னாடி இருக்குற ரப்பர் குழாய்க்குள்ள ஒரு வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி தடவிப் பாருங்க. துணியில மணல் வந்துச்சுன்னா அது சிலிண்டருக்குள்ளயும் போய்ட்டுன்னு அர்த்தம்.

அந்த ரப்பர் பத்தி இன்னொண்ணு. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர் பூட் வெயில்ல வெடிச்சு அந்த வழியா காத்து இழுத்தா ஐடிலிங் ஏறி எறங்கி ஆடும். இதைக் கண்டுபிடிக்க சூடான இன்ஜின் மேல கார்பரேட்டர் கிளீனர் அடிப்பாங்க, தீப்புடிச்சா யார் பொறுப்பு? ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஓடுற வண்டியோட பூட்டைச் சுத்தி அடிங்க. எந்த எடத்துல அடிச்சா சத்தம் மாறுதோ அங்கதான் வெடிப்பு.

ஸ்பார்க் பிளக்கை வெளிய எடுத்து பாடில வெச்சு ஸ்பார்க் வருதுன்னு பாத்துட்டு ‘கரண்ட் ஓகே’ன்னு முடிக்கிறதும் தப்பு. வெளிக்காத்துல ஈஸியா வர்ற ஸ்பார்க், உள்ள அழுத்தத்துல வராமப் போகலாம். முடிஞ்சா புது பிளக் போட்டு ஓட்டிப் பாத்துடுறது நல்லது, ஆனா நம்பர் பாத்து வாங்குங்க, என்ஜிகே பிளக்ல ஆர் எழுத்து இருந்தா மின் இரைச்சலை அடக்குற ரெசிஸ்டர் உள்ளது, அது இல்லாததைப் போட்டா சில வண்டில எலக்ட்ரானிக்ஸ் குழம்பும்.

அப்புறம், வண்டி தானே ரேஸைக் கட் பண்ற விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. நிறைய குவாட்ல ரிவர்ஸ் போட்டா ரேஸ் ஒரு அளவுக்கு மேல ஏறாது. யமஹா ராப்டர் மாதிரி வண்டில பார்க்கிங் பிரேக் போட்டிருந்தாலும் அப்படித்தான். யமஹாவோட பழைய பான்ஷி, பிளாஸ்டர்ல டார்ஸ்னு ஒரு ஏற்பாடு உண்டு, த்ராட்டில் சிக்கிக்கிட்டா பிளக் கரண்ட்டை நிறுத்திடும், த்ராட்டில் கேபிளோட ப்ளேயை (தளர்வை) ஏனோதானோன்னு வெச்சா சும்மா ஓட்டும்போதே கட் பண்ணும். எங்க ஷெட்ல ஒரு வண்டியோட கார்பரேட்டரை மூணு தடவை எறக்கி ஏத்துனோம், கடைசில பார்க்கிங் பிரேக் லீவர் கிட்ட இருக்குற சுவிட்ச்ல மணல் அடைச்சு கெடந்துச்சு, பிரேக் எப்பவும் போட்டிருக்குன்னே வண்டி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு. போர்மேன் சேட்டன் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

டேப்பட்ல (வால்வை அழுத்தித் திறக்குற பாகம்) சத்தம் வந்தா எல்லாரும் பயப்படுறாங்க. நான் பயப்படுறது சத்தமே போடாத டேப்பட்டுக்கு. வால்வ் உக்கார்ற சீட் தேயத் தேய டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சு வால்வ் முழுசா மூடாது, ஸ்டார்ட் ஆக அடம்புடிக்கும். இன்ஜின் ஆறுனப்புறம்தான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) விடணும், பிஸ்டன் மேல இருந்தா மட்டும் போதாது, அது வால்வெல்லாம் மூடியிருக்குற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கா இருக்கணும், இல்லன்னா அளவே பொய்.

கேஜ் வெச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாக்கும்போது த்ராட்டிலை முழுசா அழுத்திப் புடிக்கணும், இல்லன்னா காத்து உள்ள போகாம நம்பர் கம்மியா காட்டி இன்ஜின் போச்சுன்னு பதற வைக்கும். ஸ்டார்ட் பண்றப்போ அழுத்தத்தைக் கொஞ்சம் வெளிய விடுற ஆட்டோ டீகம்ப்ரஸர் இருக்குற வண்டில நல்ல இன்ஜினே கம்மியா காட்டும், அதனால மேனுவல்ல போட்ட நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க. நெஜமாவே கம்மின்னா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க, நல்லா ஏறுனா ரிங், சிலிண்டர் தேய்மானம், ஏறலன்னா சந்தேகம் வால்வ் பக்கம். ஃபில்டர் இல்லாம பறந்த வண்டியெல்லாம் கடைசில இங்கதான் வந்து நிக்கும்.

ஒரு வண்டி மட்டும் இது எதுலயும் மாட்டல. பதினஞ்சு நிமிஷம் தங்கமா ஓடும், ஆஃப் ஆகும், கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா மறுபடி ஓடும். சூடாகி, பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில் போகுதுன்னு காயிலை மாத்துனோம், அதே கதை. ஒருநாள் மணல்மேட்டுல நின்னப்போ சும்மா டேங்க் மூடியைத் திறந்தேன், புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு, செல்ஃப் அடிச்சதும் எடுத்துக்கிச்சு. மூடில இருந்து ஹேண்டில்பார் நடுவுல சொருகியிருக்குற சின்ன வென்ட் குழாயை உருவிப் பாத்தா, ஒரு அங்குலத்துக்கு மணல் கெட்டியா அடைச்சிருந்துச்சு.