ஸ்காட்லாந்து கிராமப்புறத்தில் ஒரு நாள்: தனி வழிகாட்டியோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவும் அம்மாவும் முதல்முறை எடின்பரோவுக்கு வந்தபோது, அவர்களுக்காக ஒரு நாளுக்குக் காரும் வழிகாட்டியும் அமர்த்தினேன். ஸ்கை தீவைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஒரு நாளில் ஆகிற காரியமில்லை" என்று வழிகாட்டி முன்கூட்டியே சொன்னார். நான் கேட்கவில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்கு வீடு வந்து சேர்ந்தோம். தீவில் நாங்கள் இருந்தது மொத்தம் மூன்று மணி நேரம். மறுநாள் அம்மாவிடம், "எது பிடிச்சுதும்மா?" என்று கேட்டேன். "வழியில ஒரு கடையில உட்கார்ந்து சூப் குடிச்சோமே, அந்த இடம்" என்றார்.

அதன்பிறகு உறவுக்காரர்கள், நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று பலருக்கும் இப்படி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அன்று நான் செய்த அதே தவறில்தான் தொடங்குகிறார்கள்.

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது

நம் ஊர் வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஸ்காட்லாந்து சின்ன நாடு. ஆனால் ஹைலேண்ட்ஸ் எனும் வடக்கு மலைப்பகுதியின் சாலைகள் மலையைச் சுற்றி, ஏரியைச் சுற்றிப் போகின்றன. எடின்பரோவிலிருந்து ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீக்கு ஒரு வழிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். லாக் நெஸ் ஏரிக்கு மூன்றரை மணி நேரம். கிளென்கோ பள்ளத்தாக்குக்கு இரண்டரை மணி நேரம். லாக் லோமண்ட் ஏரியின் வடபகுதியை ஒட்டிப் போகும் ஏ82 சாலை ஒடுங்கி வளைந்து கிடக்கும். அங்கே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். காரில் போனால் வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

நாற்பது பேர் போகும் பஸ்ஸில் லாக் நெஸ், கிளென்கோ இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதே பாதையைத் தனிக் காருக்குப் பல மடங்கு பணம் கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக அமர்த்துவதன் பலனே, பிடித்த இடத்தில் நிற்கலாம், பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போகலாம் என்பதுதான். அமர்த்திய எட்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் சாலைக்கே போய்விட்டால் அந்த உரிமையை எங்கே பயன்படுத்துவது?

எடின்பரோவில் தங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் ட்ராசக்ஸ் பகுதி. ஒரு மணி நேரத்தில் ஸ்டர்லிங் கோட்டை. அதன் மதிலில் நின்றால், 1297இல் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயப் படையை முறியடித்த ஸ்டர்லிங் பாலத்தின் பக்கமும், 1314இல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் தி புரூஸ் வென்ற பேனக்பர்ன் பக்கமும் தெரியும். அங்கிருந்து கேலண்டர் ஊர் வழியாக லாக் காட்ரின் ஏரி. கிளாஸ்கோ நகரம் 1859 முதல் குடிக்கும் தண்ணீர் இந்த ஏரியிலிருந்து வருகிறது. காடும் மலையும் தண்ணீரும் எல்லாம் இந்த வட்டத்துக்குள்ளேயே உண்டு. கடல் பிடித்தவர்களுக்கு ஃபைஃப் கரையின் மீனவ ஊர்களான கிரெய்ல், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர். பழைய மடாலயங்களில் ஆர்வமுள்ளவர்கள் தெற்கே இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பார்டர்ஸ் பக்கம் போகலாம். மெல்ரோஸ் மடாலயத்தில்தான் புரூஸின் இதயம் புதைக்கப்பட்டிருக்கிறது.

இல்லை, லாக் நெஸ்தான் வேண்டும் என்றால் ரயிலேறி இன்வெர்னஸ் போய் இரண்டு இரவு தங்குங்கள். வழிகாட்டியை அங்கே அமர்த்துங்கள். ஏரி அரை மணி நேரத்தில் வந்துவிடும். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் ஏற்றப் போரிட்ட ஜேகபைட் படை 1746 ஏப்ரல் 16இல் அழிந்த கலோடன் போர்க்களம் கால் மணி நேரம். அதை ஒட்டியே நாலாயிரம் ஆண்டு பழைய கிளாவா கல்லறை மேடுகள். அதே பணம், அதே எட்டு மணி நேரம். ஆனால் நாள் முழுவதும் உங்கள் கையில்.

வெளிச்சத்தை மறப்பது

டிசம்பரில் எடின்பரோவில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு எழுந்து மாலை மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் கிளென்கோவுக்குப் போனால் திரும்பும் வழி முழுக்க இருட்டுதான். ஜூன் மாதத்தில் இது தலைகீழ். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்போது ஒன்பது மணிக்குக் கிளம்புவதற்குப் பதில் மதியம் கிளம்பி இரவு திரும்பும்படி கேட்டுப் பாருங்கள். பஸ்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, சாய்ந்த வெயிலில் அந்த மலைகள் காட்டும் நிறம் வேறு. குளிர்காலத்தில் பல கோட்டைகளும் மாளிகைகளும் மூடியிருக்கும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியை டிரைவராக மட்டும் பார்ப்பது

என்னை அதிகம் வருத்துவது இதுதான். நாள் முழுவதற்கும் பணம் கொடுத்து அமர்த்திய ஒருவரை முன் இருக்கையில் விட்டுவிட்டு, பின்னால் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவரிடம் ஊரின் ஐந்நூறு வருடக் கதை இருக்கும். கேட்டால்தானே சொல்வார்?

கிளென்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா பார்த்தால் அழகான பள்ளத்தாக்கு. மூன்று சகோதரிகள் என்று பெயர் பெற்ற மலைச் சரிவுகளின் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் 1692 பிப்ரவரியில் அங்கே நடந்ததை அந்த இடத்திலேயே ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும். மெக்டொனால்ட் குலத்தலைவர் வில்லியம் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்வதில் சில நாட்கள் தாமதமாகிவிட்டது. கேம்பெல் ஆஃப் கிளென்லையன் என்ற தளபதியின் கீழ் வந்த படைவீரர்கள் அந்தக் குடும்பங்களின் வீடுகளிலேயே ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கினார்கள், அவர்கள் போட்ட சோற்றைத் தின்றார்கள். 13ஆம் தேதி விடிவதற்கு முன் எழுந்து அவர்களையே வெட்டினார்கள். முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் மாண்டார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நம்மைப் போலவே அந்த மக்களும் மன்னிக்கவில்லை. நம்பி இடம் கொடுத்தவரைக் கொல்வதற்கு ஸ்காட்லாந்துச் சட்டத்திலேயே தனிப் பெயர் இருந்தது. இதைக் கேட்ட பிறகு என் மாமா அரை மணி நேரம் பேசவில்லை. காரிலிருந்து இறங்கி அந்தப் புல்வெளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனவே பதிவு செய்யும்போதே, வண்டி ஓட்டுபவர் மட்டுமா, வழிகாட்டியும் அவரேயா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஸ்காட்டிஷ் டூரிஸ்ட் கைட்ஸ் அசோசியேஷனின் நீல பேட்ஜ் வைத்திருப்பவர்கள் படித்துத் தேர்வு எழுதி வந்தவர்கள். ஒரு நாள் பயணத்துக்கு டிரைவரோடு வாடகைக்குப் போகும் காருக்கு உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். அதையும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கோட்டைக்குள் கூடவே வருவாரா, வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போய்விடுவாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தை இங்கிலாந்து என்று வாய்தவறிச் சொல்லாதீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு திருத்துவார்கள், ஆனால் மனதில் தைக்கும்.

பணத்தில் வரும் மனத்தாங்கல்

கட்டணம் பெரும்பாலும் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். ஆனால் நுழைவுச்சீட்டும் சாப்பாடும் படகும் அதில் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல நேரம் இருக்காது. எட்டு மணி நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். ஸ்டர்லிங் கோட்டையும் லாக் நெஸ் கரையிலுள்ள அர்க்கர்ட் கோட்டையும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பின் கையிலும், கலோடனும் கிளென்கோ பார்வையாளர் மையமும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அறக்கட்டளையின் கையிலும் இருக்கின்றன. ஒன்றின் பாஸ் மற்றொன்றில் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போய் வாசலில் ஏமாந்தவர்கள் உண்டு. குழந்தை இருந்தால் வயதையும் உயரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை தேவை. கிளம்பும் காலையில் கேட்டால் அவர் எங்கே போவார்?

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். கிராமத்துக் கடையில் பருப்பு சூப் என்று பலகையில் எழுதியிருக்கும். நம் பருப்புதானே என்று வாங்கிவிடுவோம். இந்த ஊர் வழக்கப்படி அதைப் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வதுண்டு. ஸ்காட்ச் பிராத் ஆட்டு அல்லது மாட்டு இறைச்சியில் கொதிப்பது. கலன் ஸ்கிங்க் என்பது புகையூட்டிய மீன் சூப். உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூடச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டு வாங்குங்கள். ஹேகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் இந்த ஊர் உணவு. இறைச்சி சேராத ஹேகிஸும் பல இடங்களில் கிடைக்கிறது. ஓட்ஸும் பயறும் மிளகும் சேர்ந்து நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

இரண்டு, இரண்டரைக்கெல்லாம் பல கிராமத்துச் சமையலறைகள் மூடிவிடும். மூன்று மணிக்கு நிதானமாகச் சாப்பிடலாம் என்று இருந்தால் கேக்கும் காபியும்தான் மிஞ்சும். கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனை. காருக்குள் சாப்பிடலாமா என்று வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏரிக்கரை பெஞ்சில் நிறுத்தச் சொன்னால் மகிழ்ச்சியாக நிறுத்துவார்.

விஸ்கி வடிசாலைக்குப் போகிறவர்கள் வழிகாட்டியை "ஒரு வாய்" குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் மது அருந்தி வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. அவருடைய பிழைப்பே ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது.

உடை, பூச்சி, சாலை

குடை கொண்டுவராதீர்கள். மலைக்காற்றில் முதல் ஐந்து நிமிடத்தில் திருப்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் தண்ணீர் உள்ளே போகாத காலணியும் போதும். புல்தரை காய்ந்ததுபோல் தெரியும், கால் வைத்தால் சதசதவென்று உள்ளே போகும். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் மிட்ஜ் என்ற பூச்சி உண்டு. கொசுவை விடப் பல மடங்கு சிறியது, கூட்டமாக வரும். காற்று வீசினால் இருக்காது. காற்றில்லாத மந்தமான மாலையில் நிற்கவே விடாது. ஸ்மிட்ஜ் என்று ஒரு தைலம் கடைகளில் கிடைக்கிறது. புதர்ச் செடிகளுக்குள் நடந்தால் இரவு காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணி ஒட்டியிருக்கலாம், அதன் கடியால் லைம் நோய் வரலாம்.

"இங்க நிறுத்துங்க, ஒரு போட்டோ!" என்று பின்னாலிருந்து கூப்பிடுவதும் ஒரு தவறுதான். ஒற்றையடி போன்ற கிராமச் சாலைகளில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிடத்தான் இடையிடையே அகலமான இடம் விட்டிருக்கிறார்கள். அதில் நிறுத்தக் கூடாது. ஆம்புலன்ஸும் பால் வண்டியும் அதே சாலையில்தான் வர வேண்டும். கொஞ்ச தூரத்தில் சரியான இடம் இருக்கும், வழிகாட்டிக்குத் தெரியும்.

ஹாரி பாட்டர் சினிமாவில் பார்த்த கிளென்ஃபினன் ரயில் பாலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள், நீராவி ரயில் குளிர்காலத்தில் ஓடாது என்பதையும், ஓடும் நாளில் வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 21 வளைவுகளோடு நிற்கும் அந்தப் பாலம் ரயில் இல்லாமலும் பார்க்கத் தகுந்தது.

நீங்கள் யார் என்று சொல்லாமல் போவது

மூன்று வருடம் கழித்து அப்பா அம்மா மறுபடி வந்தார்கள். இந்த முறை இன்வெர்னஸில் தங்கினோம். காலையில் வழிகாட்டி அப்பாவிடம், "உங்கள் ஊர் எது?" என்று கேட்டார். அப்பா, நாகப்பட்டினம் பக்கம் என்றார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அன்றைய திட்டத்தில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

இன்வெர்னஸுக்கு வடக்கே, ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்று ஒரு குன்று. அதன் உச்சியில் வாசல் வளைவுகளோடு ஒரு கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய ஹெக்டர் மன்ரோ இந்த ஊர் நிலக்கிழார். திரும்பி வந்து, நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் அதைக் கட்டச் செய்தார். பிழைப்பில்லாத ஊர் மக்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று கட்டியதாகவும், வேலை நீள வேண்டும் என்பதற்காகக் கற்களை மறுபடி கீழே உருட்டிவிட்டு ஏற்றச் சொன்னதாகவும் சொல்கிறார்கள்.

அப்பாவால் மலை ஏற முடியவில்லை. ஏறி இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதி வழி செங்குத்து. கீழே சாலையோரம் சரியான இடம் பார்த்து வழிகாட்டி காரை நிறுத்தினார். மேகம் விலகும்வரை காத்திருந்தோம். அந்த வளைவுகள் தெரிந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டச்சுக்காரர் காலத்து நாகப்பட்டினம் பற்றித் தன் தாத்தா சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அன்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் வழிகாட்டிதான்.