போர்ச்சுகலில் வேன் எடுத்து சர்ஃபிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்கலாவிலும் சென்னை கோவளத்திலும் சர்ஃபிங் பழகிவிட்டு, அடுத்தது போர்ச்சுகல், வேன் வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகப் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது கோவை, திருப்பூர்ப் பக்கம் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் திட்டத்தைக் காட்டி யோசனை கேட்கும்போது வயிறு எரிகிறது. விசா, இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுவது

திருப்பூர்த் தம்பி ஒருவர் ஜூலை மாதத்துக்கு அட்டவணை போட்டு அனுப்பினார். ஒரு நாள் எரிசெய்ரா, மறுநாள் பெனிஷே, அப்புறம் நசாரே, அங்கிருந்து தெற்கே சாக்ரிஷ். தினமும் காலையில் புறப்பாடு, மதியம் அலை. "ஏனுங்கண்ணா, பெங்களூருக்கே ஒரே ஓட்டத்துல போறோம். லிஸ்பன்ல இருந்து சாக்ரிஷ் முந்நூறு கிலோமீட்டர், அது ஒரு தூரமுங்களா?" என்றார்.

தூரம் பெரிதில்லை. போய்ச் சேரும் நேரம்தான் தப்பு. கோடையில் அந்த மேற்குக் கரையில் மதியத்துக்கு மேல் வடகாற்று எழும்பும், நொர்த்தாடா என்பார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சித் தென்னைகளை வளைக்கிறதே, அதே பிடிவாதம். காலையில் வரிசை கலையாமல் வந்த அலை மத்தியானம் குழம்பிக் கிடக்கும். நல்ல அலை இருந்த நேரமெல்லாம் இவர்கள் ஹைவேயில்! வாடகை, டீசல், டோல் எல்லாம் கொடுத்துவிட்டு, கரையில் நின்று நுரையைப் பார்ப்பதற்கா இத்தனை தூரம்?

அதோடு ஓதம் இருக்கிறது. கோவளத்தில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். போர்ச்சுகலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டரைத் தாண்டும். நீர் ஏறினால் கரையோரத்திலேயே அலை மொத்தென்று விழும், இறங்கினால் பாறை தலைகாட்டும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் நேரம் குறிக்கவே கூடாது.

ஒரு ஊரைப் பிடித்து உட்காருங்கள். பெனிஷே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். வடக்கே பலியால் கடற்கரை, தெற்கே சூப்பர்டூபோஷ் கடற்கரை. இரண்டும் வேறு வேறு திசை பார்ப்பவை. ஒரு பக்கம் காற்று கெடுத்தால் வேனைக் கொஞ்ச தூரம் ஓட்டி மறுபக்கம் போகலாம். (சூப்பர்டூபோஷ் நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும்.) சாக்ரிஷிலும் மேற்குக் கரை, தெற்குக் கரை இரண்டும் கைக்கெட்டும் தூரம். வேன் எடுப்பதே இதற்குத்தான். ஊர் மாறியே ஆக வேண்டுமென்றால், காலை அலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஓட்டுங்கள்.

தம்பி இரண்டு ஊரைக் குறைத்துவிட்டார். நசாரேயை விட மட்டும் மனசில்லை.

குளிர்காலத்தில் நசாரேயில் இறங்குவது

வேடிக்கை மட்டும் பாருங்கள். கரைக்கு அருகே வரை வரும் கடலடிப் பள்ளத்தாக்கு அங்கே அலையை அசுரத்தனமாகத் தூக்கிவிடும்.

கண்ட இடத்தில் வேனில் தூங்குவது

2021 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் வேனில் இரவு தங்கக் கூடாது. மற்ற இடங்களிலும், அனுமதி பெற்ற கேம்பிங் தளங்கள் தவிர, ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம்தான். சாக்ரிஷை ஒட்டிய மேற்குக் கரை முழுக்க இயற்கைப் பூங்கா, ராத்திரி போலீஸ் கதவைத் தட்டும். கேம்பிங் கட்டணத்தை முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள்.

மெல்லிய வெட்சூட்

குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். 4/3 மில்லிமீட்டர் (உடம்புப் பகுதி 4, கை கால் 3) தடிமனுள்ள வெட்சூட், அதாவது குளிர் தாங்கும் ரப்பர் உடை, வேண்டும்.

பாஸ்போர்ட்டை வேனில் விட்டுவிட்டு எல்லாரும் கடலில் இறங்குவது

கடற்கரைப் பார்க்கிங்கில் கண்ணாடியை உடைத்துத் திருடுகிறார்கள். ஆள் மாற்றி ஆள் கரையில் உட்காருங்கள்.