டிரெய்லர் டிவி ஆன்டெனா மாற்றும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகளான அமெரிக்க டிராவல் டிரெய்லர்களின் கூரையில் சிறகு விரித்தாற்போல் நிற்குமே, அதுதான் வைன்கார்ட் நிறுவனத்தின் சென்சார் ஆன்டெனா. எல்லாரும் ‘பேட்விங்’ (வௌவால் சிறகு) என்றே சொல்வார்கள். உள்கூரையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் எழும்பும், மறுபக்கம் சுற்றினால் படுக்கும். படுக்க வைக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மரக்கிளையே அதன் தலையை, அதாவது அந்தச் சிறகுப் பகுதியைக் கொண்டுபோய்விடும். கண்ணெதிரே உடைந்து கிடந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் குழப்பமில்லை. முழுசாக நிற்கும் ஆன்டெனாவை ‘படம் வரவில்லை’ என்று கழற்றி எறிவதில்தான் காசு வீணாகிறது.

அந்தத் தலைக்குள் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் டிசி வேண்டும். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள பிளேட்டிலிருந்து, சிக்னல் இறங்கி வரும் அதே கோஆக்ஸ் கேபிள் வழியாக அந்த மின்சாரம் மேலே ஏறுகிறது. பிளேட்டில் சின்ன பட்டனும் பச்சை விளக்கும் இருக்கும். படம் ஓடும்போது பட்டனை அணைத்துப் பாருங்கள். சேனல்கள் சிதற வேண்டும், சில காணாமலே போக வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் பூஸ்டருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பூஸ்டரே செத்துவிட்டது.

எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். கூரையில் தலையோடு சேரும் எஃப் கனெக்டரை (கேபிள் நுனியில் இருக்கும் திருகு இணைப்பை) கழற்றி, பட்டனைப் போட்டுவிட்டு, நடுக்கம்பிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளக்கவும். ஏறக்குறைய 12 வோல்ட் காட்டினால் தலைதான் பழுது. எதுவும் காட்டாவிட்டால் புதுத் தலை வாங்கியும் பயனில்லை. பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச், ஃபியூஸ், சுவர் பிளேட் என்று கீழே தேடவும். டிவி ஓடுகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். டிவி பெரும்பாலும் 120 வோல்ட்டில் ஓடும், பூஸ்டர் 12 வோல்ட் பக்கத்தைச் சேர்ந்தது. படுக்கையறை டிவிக்காக யாரோ இடையில் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் செருகியிருந்தாலும் இதே கதைதான். சாதாரண ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தை மேலே விடாது. அது பிளேட்டுக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கலாம், பிளேட்டுக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. இன்னொன்று: கனெக்டர் செய்யும்போது வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, பச்சை விளக்கு மங்கும் அல்லது அணையும்.

அடுத்து வாங்குவது. தூக்கும் கைகள் நேராக இருந்து, கைப்பிடி தடங்கலில்லாமல் சுற்றினால் தலை மட்டும் போதும். இரண்டு பின்களை உருவினால் பழையது வந்துவிடும். கிங் ஜாக் போன்ற மாற்றுத் தலைகளும் அதே கைகளில் உட்காரும்படி வருகின்றன. கை வளைந்திருந்தால் தலையை மட்டும் மாற்றி நாள் கடத்த வேண்டாம். வளைந்த கை படுக்கும்போது கூரையில் உரசி, ரப்பரைக் கிழித்து, கடைசியில் தண்ணீரை உள்ளே விடும்.

சிறிய தலை, வட்டமான ‘திருப்பவே வேண்டாம்’ வகை எல்லாம் பார்க்க அழகு. ஆனால் அலைநீளம் அழகு பார்ப்பதில்லை, நீண்ட அலையைப் பிடிக்க நீளமான ஆன்டெனாதான் வேண்டும். 7ஆம் சேனலுக்கு அரை அலைநீளம் சுமார் 85 சென்டிமீட்டர். 36ஆம் சேனலுக்கு 25தான். 2009இல் அமெரிக்கா டிஜிட்டலுக்கு மாறியதோடு எல்லாம் குட்டை அலைநீளம் கொண்ட யுஹெச்எஃப் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2020இல் முடிந்த அலைவரிசை மறுசீரமைப்புக்குப் பிறகு யுஹெச்எஃப் 36ஆம் சேனலோடு நிற்கிறது, 7ஆம் சேனல் போன்ற நீண்ட அலைகள் வரும் விஹெச்எஃப்பில் இன்றும் நிலையங்கள் உண்டு. திரையில் தெரியும் எண் உண்மையான சேனல் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி போகும் இடங்களை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் உள்ள ரிசெப்ஷன் வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தலையை மாற்ற அரை மணி நேரம் ஆகும். அடித்தட்டையும் கழற்றினால் அது கூரை வேலை, அங்கே அவசரம் ஆகாது. பெரும்பாலும் கூரை ஈபிடிஎம் ரப்பராகவோ டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பாகவோ இருக்கும். பழைய சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசையை) பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் மட்டும் சுரண்டவும், கத்தி வைத்தால் கூரைக்கும் ஒரு கீறல் விழும். ரப்பர் கூரையைப் பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் அது உப்பிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். தட்டுக்கு அடியில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி, ஸ்குரூவை ஓரத்தில் டேப் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கவும். அதற்கு மேல் முடுக்கினால் மரத்தில் பிடி விட்டுவிடும். பிறகு ஓரம் முழுக்க, ஒவ்வொரு ஸ்குரூ தலை மேலும், கேபிள் நுழையும் தட்டைச் சுற்றியும் டைகார் போன்ற தானாகப் பரவும் லேப் சீலன்ட். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம். ரப்பரில் நிலைத்து ஒட்டாது, அடுத்த முறை அதன் மேல் எதுவுமே ஒட்டாது. ஒழுகலின் கொடுமை, அது உடனே தெரியாது. உள்கூரையில் பழுப்பு வட்டம் தெரியும்போது மேலே பிளைவுட் ஊறிப்போயிருக்கும்.

அந்தப் பிளைவுட் மெல்லியது. எங்கே வேண்டுமானாலும் காலை ஊன்றாமல், ஒரு பலகை போட்டு அதன் மேல் மண்டியிடுங்கள்.

கேபிளை இழுத்துக் கட்டுவது இன்னொரு தவறு. கை எழும்போது அதுவும் கூடவே போக வேண்டும், கொஞ்சம் தளர்வு விடுங்கள். எஃப் கனெக்டரின் ரப்பர் உறையை மறக்காமல் மாட்டி, உள்ளே துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் ஈரம் ஏறாது.

எல்லாம் மாட்டியும் படம் வரவில்லையா? டிவி மெனு ‘கேபிள்’ என்றே இருக்கும். ‘ஆன்டெனா’ என மாற்றி, பூஸ்டரைப் போட்டு, தலையைக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யவும். ஊர் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். முகாமிடம் தரும் கேம்ப்கிரவுண்ட் கேபிள் டிவியில் இணைத்தால் மட்டும் பூஸ்டரை அணைக்க வேண்டும்.

படுக்க வைக்கும்முன், தலையைத் திருப்பும் திசை வளையத்தின் அம்புக்குறியை உள்கூரைத் தட்டின் அம்புக்குறியோடு நேராக்குங்கள். கோணலாக இறக்கினால் தலை ஏசி மூடியிலோ வென்ட்டிலோ மோதும். ஆன்டெனா எழும்பி நிற்கும் வரை ஒரு சிவப்பு நாடாவை இழுக்கும் வண்டியின் ஸ்டியரிங்கில் கட்டி வையுங்கள். இறக்கிய பிறகுதான் அதை அவிழ்த்துக் கைப்பிடியில் மாட்ட வேண்டும்.