கூண்டைப் பார்க்கப் போகிறவருக்கு

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நான் முதலில் சொல்வது: பொலிஸ் நிலையத்தில் அடைக்கப்பட்டவர்களைப் பார்க்க முன்கூட்டி அறிவித்துவிட்டுப் போகாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, ஆணைக்குழு அதிகாரமளித்தவர் எந்நேரமும் பொலிஸ் நிலையத்துக்குள் நுழையலாம். நான் இரவுச் சாப்பாட்டு வேளையில் போவேன். உணவு கொடுத்தார்களா என்று கேட்கவே தேவையில்லை.

பொறுப்பதிகாரி தேநீர் தருவார். குடியுங்கள், ஆட்களை அடைத்துவைக்கும் கூண்டைப் பார்த்த பிறகு. முதலில் தலைகளை எண்ணுங்கள், பிறகு பதிவேட்டைக் கேளுங்கள். ஒருமுறை உள்ளே ஐந்து பேர், ஏட்டில் நான்கு பெயர். ஐந்தாவது பையன் ‘விசாரணைக்கு வந்தவன்’ என்றார்கள். காலில் செருப்பில்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. வீட்டிலிருந்து அப்படியா வருவான்?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர் இருந்தால் கைதான நேரத்தைக் குறியுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவித்திருக்க வேண்டும். தனியே பேசுங்கள். முகத்தைவிட உள்ளங்காலைப் பாருங்கள், அடித்த தடம் அங்கே இருக்கலாம்.

அறிக்கையில் ‘நிலைமை மோசம்’ என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. ‘மலசலம் கழிக்க ஆறு பேருக்கு ஒரு வாளி, மூடியில்லை’ என்று எழுதுங்கள். பரிந்துரைக்குப் பதில் தர ஆணைக்குழு தவணை குறிக்கும். அந்தத் திகதியை உங்கள் நாட்குறிப்பிலும் எழுதிவையுங்கள். வாளியைப் பார்க்க மறுபடி போகவேண்டும்.